வானம் வெளுத்திருக்க ஆறு பெருகுவது எப்படி? பனி உருகும் காலத்து நீரோட்டம் குறித்த இழை

தடம் எழுதியது:

கடந்த மாதம் எங்களுக்கு நேர்ந்த ஒன்றை இங்கே எழுதி, விவரம் அறிந்தவர்களிடம் விளக்கம் கேட்க விரும்புகிறேன். நாங்கள் ஐந்து பேர் பனிமலைகளுக்கு நடுவே உள்ள ஒரு பள்ளத்தாக்கில் நடைப்பயணம் மேற்கொண்டிருந்தோம். காலை ஏழு மணிக்கு ஒரு சிற்றாற்றைக் கடந்தோம். நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது; அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. மாலை ஐந்தரை மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பியபோது, காலையில் நாங்கள் மிதித்துக் கடந்த கற்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நீர் சாம்பல் நிறமாகக் கலங்கி முழங்காலுக்கு மேல் ஓடியது. உள்ளே கற்கள் உருண்டு மோதும் ஓசை கரையிலேயே கேட்டது. அன்று முழுவதும் ஒரு துளி மழை இல்லை, மேகம்கூட இல்லை.

முழங்கால் அளவு நீர்தானே என்று எங்களில் ஒருவர் இறங்கினார். நாலாவது அடியில் கால் இடறிவிட்டது. இருபது மீட்டர் தூரம் இழுத்துச் செல்லப்பட்டு, ஆறு வளையும் இடத்தில் மணலில் ஒதுங்கினார். அவர் நல்ல நீச்சல்காரர். ஆயினும், விழுந்தவுடன் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இல்லை என்றும், நீந்த வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை என்றும் பிறகு சொன்னார். எங்களுடன் வந்த வழிகாட்டி திரும்பும் நேரம் பற்றி எதுவும் எச்சரிக்கவில்லை. ஆனால் அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. அந்த நீர் எங்கிருந்து வந்தது? நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

நீரளவி எழுதியது:

தடம் அவர்களே, உங்கள் நண்பர் கரையேறியது பெரும் ஆறுதல். முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். இரண்டாவதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே உண்டு.

பனியால் ஊறும் ஆற்றுக்கு மழை மேகம் தேவையில்லை, வெயிலே போதும். நீங்கள் காலையில் கடந்தது முந்தைய நாள் உருகிய நீரின் வடிந்துபோன கடைசிப் பகுதி. இரவில் பனிப்பரப்பின் மேல்தோல் மீண்டும் உறைவதால் புதுநீர் சேர்வது ஏறத்தாழ நின்றுவிடும். விடியலில் சிற்றாறு அன்றைய தாழ்ந்த மட்டத்துக்கு வந்துவிடும். சூரியன் ஏறியதும் உருகல் தொடங்கி நண்பகலை ஒட்டி உச்சத்தை அடைகிறது. அந்த நீர் பனியடுக்கின் ஊடாகக் கசிந்து, சரிவில் இறங்கி, ஓடைகளில் கூடி நீங்கள் கடக்கும் துறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே பனிக்கு அருகில் உள்ள சிற்றாறுகள் பிற்பகல் சாயும் வேளையில்தான் மிகுந்து ஓடும். மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் குறுக்கிடும் ஓடைகளை ஓட்டுநர்கள் அதிகாலையிலேயே கடந்துவிட முனைவது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் இதையே எல்லா ஆற்றுக்கும் விதியாக்கிவிடக் கூடாது. பனியை விட்டு வெகுதூரம் விலகிய ஆற்றில் அதே அலை நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோ வந்து சேரலாம். அங்கே காலையில் கடப்பவர் உச்ச நீரில்தான் கால் வைப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தின் நடுவில் ஒரு நாள் நன்றாக வெயில் அடித்தாலும் ஆறு பெருகுவதில்லை. பனியடுக்கு முழுவதும் மேலிருந்து அடிவரை 0 பாகை செல்சியஸுக்கு வர வேண்டும், அதன் துளைகளில் நீர் நிறைய வேண்டும். அதன் பிறகே உருகும் நீர் தடையின்றிக் கீழே இறங்கும். அந்நிலையை அடைந்த பனியைப் ‘பழுத்த பனி’ என்பார்கள். பழுத்த பிறகும் உருகல் மெதுவாகவே நடக்கும். 0 பாகையில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை நீராக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் அந்த நீரை 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது. குளிர்காலம் முழுவதும் சேர்ந்த பனி ஒரே நாளில் நம் மேல் கொட்டாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஐயப்பாடு எழுதியது:

நண்பர் நீரளவியின் விளக்கம் ஒரு நாளின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அவர் சொல்வதுபோல் பனி இவ்வளவு நிதானமாக உருகும் என்றால், ஊர்களை மூழ்கடிக்கும் பெருவெள்ளங்கள் எப்படி வருகின்றன? பனியின் மேல் வெதுவெதுப்பான மழை விழுந்து, அந்த மழையின் சூடு பனியைக் கரைத்துவிடுவதால்தான் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்படியானால் குற்றவாளி மழைதானே தவிர வெயில் அன்று.

நீரளவி எழுதியது:

மழை உடந்தை என்பது உண்மை. ஆனால் மழைத்துளியின் சூடு செய்யும் வேலை மிகச் சிறிது. கணக்கிட்டுப் பாருங்கள். 10 பாகை சூடுள்ள மழை 10 மில்லிமீட்டர் பெய்து, அத்தனை வெப்பத்தையும் பனிக்குக் கொடுத்து 0 பாகைக்கு இறங்கினாலும், அதனால் உருகுவது ஒன்றேகால் மில்லிமீட்டர் நீருக்குச் சமமான பனி மட்டுமே. பெரிய வேலையைச் செய்வது மழையோடு வரும் ஈரக்காற்று. குளிர்ந்த பனிப்பரப்பின் மேல் ஒரு கிராம் நீராவி படிந்து நீரானால், அது வெளியிடும் வெப்பம் ஏழு கிராமுக்கும் மேற்பட்ட பனியை உருக்கும். காற்று பலமாக வீசினால் புதுப்புது ஈரம் வந்துகொண்டே இருக்கும். இரவானாலும் உருகல் ஓயாது. வெயிலால் உருகும்போது ஆற்றுக்கு இரவு ஓய்வு உண்டு, இங்கே அதுவும் இல்லை. இதனோடு மழைநீரும் சேர்கிறது. அடியில் மண் உறைந்தோ ஏற்கெனவே நீரை உறிஞ்சி நிறைந்தோ இருந்தால் எல்லாமே நேராக ஆற்றுக்குத்தான் போகும்.

2022 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நடந்தது இதுவே. அவ்வாண்டு குளிர் நீடித்ததால் மலைகளில் பனி மிச்சமிருந்தது. அதன்மேல் கனமழை பெய்தது. வடக்குப் பகுதிச் சாலை பல இடங்களில் ஆற்றோடு போய்விட, பூங்காவின் எல்லா நுழைவாயில்களையும் மூட வேண்டியதாயிற்று. வசந்தம் தாமதமாகும் ஆண்டுதான் என்னைப் பொறுத்தவரை அஞ்சத்தக்க ஆண்டு, ஏனெனில் முன்னதாகவே சிறிது சிறிதாக வடிந்திருக்க வேண்டிய நீர் மலையிலேயே காத்திருந்து, வெப்பம் ஒருசேர ஏறும்போது ஒன்றாக இறங்குகிறது.

கரைக்காவல் எழுதியது:

நான் ஆற்று மீட்புப் பயிற்சி அளிப்பவன். தடம் அவர்களின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். பனி உருகும் காலத்து ஆற்றில் அந்தப் பழமொழி பாதி உண்மைதான், ஏனெனில் ஆழம் நன்றாகத் தெரிந்த நீரே இங்கே ஆட்களைச் சாய்க்கிறது. உங்கள் நண்பர் முழங்கால் அளவைப் பார்த்தார், வேகத்தைப் பார்க்கவில்லை. நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிப்படி கூடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஒரு மனிதரின் இரண்டு கால்களும் நீருக்குக் காட்டும் பரப்பைத் தோராயமாக ஒன்றரைச் சதுர அடி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய ஏழு கிலோ எடைக்குச் சமமான தள்ளுதல் இருக்கும். இரண்டு மீட்டர் வேகத்தில் அது முப்பது கிலோவை நெருங்கும். மூன்று மீட்டர் என்றால் உங்கள் உடல் எடைக்கே சமமான ஒன்று, வழுக்கும் உருண்டைக் கற்களின்மேல் நீங்கள் நிற்கும்போது, பக்கவாட்டில் உங்களைத் தள்ளுகிறது. வாகனத்தில் இருப்பவர்களுக்கும் தப்பில்லை. சுமார் 30 செ.மீ. ஓடும் நீரில் சிறு கார்கள் மிதக்கத் தொடங்கும், 60 செ.மீ. நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும்.

கற்கள் உருளும் ஓசை கரையில் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓசை கேட்டால் அந்த இடத்தில் கடப்பது பற்றிய பேச்சே கூடாது. கல்லை உருட்டும் நீர் காலை விட்டுவைக்காது.

நீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்கள் ஓட்டத்தின் திசையில் முன்னே இருக்க, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயலவே கூடாது.

ஐயப்பாடு எழுதியது:

மன்னிக்க வேண்டும், ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் அளவு நீரில் விழுந்தவர் எழுந்து நிற்காமல் ஏன் மிதந்துகொண்டு போக வேண்டும்? அதுவும் கீழே அருவியோ பாறைகளோ இருக்கலாம். இன்னொன்று, குளிர்ந்த நீர் மூச்சை முட்டும் என்பதும் மிகைப்படுத்தலாகவே தோன்றுகிறது. குளிர்ந்த ஏரிகளில் நான் பலமுறை குளித்திருக்கிறேன். எனக்கு எதுவும் நேர்ந்ததில்லை. ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக் கரையில் இருவர் பிடித்திருந்தால் அந்த நண்பர் விழுந்தும் அடித்துச் செல்லப்பட்டிருக்க மாட்டார் என்பதே என் கருத்து.

கரைக்காவல் எழுதியது:

ஐயப்பாடு எழுப்பிய மூன்றும் நியாயமான கேள்விகள். முதலாவதில் நான் சுருக்கமாகச் சொன்னது பிழைதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விழுந்தவர் எழும்போது இரு பாறைகளுக்கு இடையே ஒரு பாதம் சிக்கினால், முதுகில் மோதும் ஓட்டம் அவரை முன்னே மடக்கித் தலையை நீருக்குள் அழுத்திவிடும். இடுப்பளவுக்கும் குறைந்த நீரில் ஆட்கள் இறப்பது பெரும்பாலும் இப்படித்தான்; அப்போது மீட்பவரால் அவருடைய காலை விடுவிக்கவும் முடிவதில்லை. ஆகவே, ஓட்டம் வேகமாக இருக்கும்வரை நிற்கக் கூடாது. ஓட்டம் தணிந்து, உடல் மணலில் உரசும் அளவுக்கு ஆழம் குறைந்த பிறகு நிற்கலாம் என்று திருத்தி எழுதுகிறேன். மிதப்பது என்பது ஆறு போகும் போக்கில் போவதும் அன்று. மல்லாந்து பாறைகளைக் கால்களால் தள்ளி விலகிக்கொண்டே, இடம் கிடைத்தவுடன் குப்புறத் திரும்பி, கரையை நோக்கிச் சாய்வாகப் பாய்ந்து நீந்த வேண்டும். வேரோடு சாய்ந்த மரம் ஆற்றின் குறுக்கே கிடந்தால் அதன் கிளைகளுக்குள் இழுபடுவதைவிடக் கொடியது வேறில்லை. நீர் கிளைகளின் ஊடே போய்விடும், ஆள் போக முடியாது. அங்கே மட்டும் தலை முன்னாக நீந்தி, மரத்தின் மேலே ஏறிவிட முயல வேண்டும்.

குளிர் பற்றி: நீங்கள் ஏரியில் இறங்கியது உங்கள் விருப்பப்படி, படிப்படியாக, நின்ற நீரில். உடலும் பழகியிருக்கும், சில முறை குளிர்ந்த நீரில் மூழ்கிப் பழகியவர்களுக்கு அந்த அதிர்ச்சி குறைவது உண்மையே. எதிர்பாராமல் விழுபவரின் நிலை வேறு. தோல் திடீரெனக் குளிர்ந்தவுடன் அவரைக் கேளாமலேயே ஒரு நெடுமூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது. வாய் நீருக்குள் இருந்தால் இழுபடுவது நீர். அதன்பின் சிறிது நேரம் மூச்சு இரைத்தபடியே இருக்கும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் இதை ‘1–10–1’ என்று நினைவில் நிற்கும்படி வகுத்தார்: உறையும் நிலையை ஒட்டிய நீரில் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கும் 10 நிமிடங்கள், உடல் வெப்பம் இழந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். பலரும் குளிரில் விறைத்து இறப்பதாகவே எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த ஒரு மணி நேரம்வரை பலர் செல்வதே இல்லை, முதல் நிமிடத்திலோ அடுத்த பத்திலோ மூழ்கிவிடுகிறார்கள். நல்ல நீச்சல்காரரும் இதற்கு விலக்கன்று. வாயை நீருக்கு மேல் நிறுத்துவது அந்நேரத்தில் அவருடைய திறமை அன்று, உடலில் கட்டியிருக்கும் மிதவை அங்கிதான்.

கயிறு: தயவுசெய்து உடலில் கட்டாதீர்கள். கரையில் இருப்பவர் இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, ஓட்டம் கட்டப்பட்டவரை நீருக்குள் அமிழ்த்தும். கயிற்றைக் கரையிலிருந்து எறியலாம், விழுந்தவர் கையால் பற்றலாம். வேண்டும்போது விட்டுவிட முடிய வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. முதுகுப் பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு ஆற்றில் இறங்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஐயப்பாடு எழுதியது:

கயிற்றைப் பற்றி நான் எண்ணியிருந்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். எத்தனை பேரிடம் அதையே அறிவுரையாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

வடவாறு எழுதியது:

இந்த இழை மலை ஓடைகளோடு நின்றுவிடாமல் சமவெளி ஆறுகளையும் தொட வேண்டும் என்பதால் எழுதுகிறேன். வடக்கு நோக்கிப் பாயும் குளிர்நாட்டு ஆறுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தெற்கே உள்ள மேல்பகுதி முதலில் உருகிவிடும். நீர் வந்து சேரும் வடபகுதியில் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். உடைந்து மிதந்து வரும் பனிப்பாளங்கள் அங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொண்டால், ஆறே தனக்கு அணை கட்டிக்கொண்டது போலாகும். சைபீரியாவின் லேனா ஆற்றில் 2001 மே மாதம் இவ்வாறு அடைத்துக்கொண்டபோது லென்ஸ்க் நகரம் மூழ்கியது. அடைப்பை உடைக்க விமானங்களிலிருந்து குண்டு போட்டுப் பார்த்தார்கள். இத்தகைய அடைப்புக்கு மேலே நீர் மணிக்கணக்கில் அன்று, நிமிடக்கணக்கில் ஏறும். அடைப்பு தானாக விடுபட்டால் கீழே உள்ளவர்களுக்கும் அதே கதி. கரையில் நின்று பனிப்பாளங்கள் நகர்வதை வேடிக்கை பார்ப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

அமெரிக்க, கனடிய நாடுகளின் ஊடே ஓடும் சிவப்பாறும் வடக்கு நோக்கியதே. 1997 ஏப்ரலில் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகருக்கு 49 அடி உயர வெள்ளம் வரும் என்று முன்னறிவித்தார்கள். மக்கள் கரைகளை ஏறத்தாழ 52 அடிக்கு உயர்த்திவிட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 54 அடிக்கும் மேல். நகரத்தையே ஏறக்குறைய முழுவதுமாகக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. வெள்ளத்தின் நடுவே நகர மையத்தில் தீயும் பிடித்து 11 கட்டடங்கள் அழிந்தன. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள வின்னிபெக் நகரம் பெருமளவு தப்பியது. 1960களில், வீண்செலவு என்று பலர் எள்ளி நகையாட, ஆற்றை நகருக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோகும் ஏறத்தாழ 47 கிலோமீட்டர் நீளக் கால்வாயை அவர்கள் வெட்டி வைத்திருந்தார்கள்.

தடம் எழுதியது:

49 அடி என்று அவ்வளவு துல்லியமாக எப்படிச் சொன்னார்கள்? மலையிலும் வயலிலும் கிடக்கும் பனியை யார், எப்படி அளக்கிறார்கள்?

நீரளவி எழுதியது:

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். பனிவிஷயத்தில் ஆற்றுக்கு வருவதற்கு முன்பே அளந்துவிடுவதுதான் கலை. பனியின் உயரத்தை அளப்பதால் பயனில்லை, அதற்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதே வேண்டும். புதிதாக விழுந்த ஒரு மீட்டர் பனியில் பத்து செ.மீ. நீர் இருக்கலாம், வசந்தத்தில் இறுகிப்போன அதே ஒரு மீட்டரில் நாற்பது செ.மீ. இருக்கலாம். இதை முறையாக அளக்க வழி வகுத்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் சர்ச். அவர் பொறியாளர் அல்லர், நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த பேராசிரியர் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோஸ் மலையில் உள்ளீடற்ற குழாய் ஒன்றைப் பனியில் செருகி எடுத்து, குழாயோடு எடைபோட்டு, நீரின் அளவைக் கண்டார். இன்று அந்த வேலையைப் பல இடங்களில் பனியின் எடையைத் தாங்கி உணரும் திண்டுகளும் செயற்கைக்கோள்களும் செய்கின்றன.

ஆனால் அளவு தெரிந்தால் மட்டும் போதாது. எத்தனை நாளில் உருகும், மண் எவ்வளவு குடிக்கும், ஆறு எங்கே அடைக்கும் என்பவை எல்லாம் கணிப்புகள். 1997இல் பெரிய பிழை, என் பார்வையில், எண் தவறியது அன்று. 49 என்ற ஒற்றை எண், அதன் பிழைவீச்சு சொல்லப்படாமல், மக்களிடம் போய்ச் சேர்ந்ததுதான். அவர்கள் அதற்கு மேல் மூன்று அடி சேர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

வடவாறு எழுதியது:

நிம்மதி என்று நீங்கள் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. 1948 மே 30 அன்று, கொலம்பியா ஆறு உருகுநீரால் பெருகிக்கொண்டிருந்தபோது, ஆரெகன் மாநிலத்தின் வான்போர்ட் குடியிருப்பில் காலையில் ஓர் அறிவிப்பு விநியோகிக்கப்பட்டது. கரைகள் இப்போதைக்குப் பாதுகாப்பானவை, தேவைப்பட்டால் எச்சரிப்போம், வெளியேற நேரம் இருக்கும் என்பது அதன் சாரம். மாலை நாலேகால் மணியளவில், கரையாகப் பயன்பட்ட இரயில்பாதை மேடு உடைந்தது. 18,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர் அன்றோடு இல்லாமல் போயிற்று. 15 பேர் இறந்தார்கள். அன்று விடுமுறை வார இறுதி என்பதால் பலர் வெளியே இருந்தார்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

கரைக்காவல் எழுதியது:

அணைகள் உள்ள பனி ஆறுகளைப் பற்றி ஒரு சொல். அங்கே நீரின் ஏற்றம் கடிகாரத்தையும் கேட்காது, வெயிலையும் கேட்காது. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் இறங்கி நின்ற 24 பொறியியல் மாணவர்கள், மேலே அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். அணைக்குக் கீழே ஆற்றுப்படுகை எவ்வளவு உலர்ந்து கிடந்தாலும் அது உட்காரும் இடம் அன்று.

தடம் அவர்களுக்கு: அன்று மாலை நீங்கள் செய்திருக்க வேண்டியது மிக எளியது, ஆனால் யாருக்கும் பிடிக்காதது. அந்தக் கரையிலேயே உயரமான இடத்தில் இரவைக் கழித்து, விடியலில் கடந்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் ஆறு அகன்று, பல கிளைகளாகப் பிரிந்து, ஆழமின்றி ஓடும் இடத்தைத் தேட வேண்டும். குறுகலான இடம் தூரம் குறைவென்று ஆசை காட்டும், அங்கேதான் வேகம் மிகுதி. இறங்குமுன் கீழே நூறு மீட்டர் நடந்து, விழுந்தால் எங்கே போய்ச் சேர்வோம் என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

நீரளவி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. மாலை நீர் எவ்வளவு உயரும் என்பதைக் காலையிலேயே ஓரளவு படித்துவிடலாம். நீர்விளிம்பில் ஒரு கல்லை நட்டுவைத்து அரைமணிக்கு ஒருமுறை பார்ப்பது ஒரு வழி. அதைவிட எளிது கரைப் பாறைகளைப் பார்ப்பது: முந்தைய மாலையின் உச்சம், இன்னும் உலராத ஈரக்கோடாகவோ மெல்லிய வண்டல் படிவாகவோ அங்கே எழுதப்பட்டிருக்கும்.

தடம் எழுதியது:

இதைப் படித்ததும் அன்று காலை ஆற்றைக் கடக்கும்போது எடுத்த படங்களைத் தேடி எடுத்தேன். ஐந்து பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம், நீர் கணுக்கால் அளவு. எங்களுக்குப் பின்னால் உள்ள பாறையில், என் நண்பரின் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, சாம்பல் நிறக் கோடு ஒன்று பாறையின் நீளத்துக்கும் நேராக ஓடுகிறது. அதற்குக் கீழே பாறை கறுத்து ஈரமாக இருக்கிறது, மேலே வெளுத்து உலர்ந்திருக்கிறது. படம் எடுத்தவன் நான்தான்.